வேதனையும் விலையும்: பேறுகால மருத்துவ வரலாற்றில் ஆதியாகமம் 3:16

பிரசவ வலியைத் தணிப்பது கடவுள் ஏவாளுக்கு விதித்த தண்டனையை மீறுவதாகும் எனத் திருச்சபை தடை கூறியது. மருத்துவ அறிவியல் அத்தடையை முறியடித்துத் தாய்மாருக்கு விடுதலை தந்தது. இவ்வாறு ஒரு வரலாறு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றது. அறிவியலையும் சமயத்தையும் எதிரெதிரே நிறுத்தும் நூல்கள் இதனை விரும்பி எடுத்தாளுகின்றன. இறையியல் வகுப்பறைகளிலும் இது ஓர் எச்சரிக்கைக் கதையாக இடம்பெறுவதுண்டு.

இக்கதை எவ்வளவு உண்மை? தாய்மாருக்கு வலி நிவாரணம் கிட்டாமற் போனதற்குத் திருமறை வசனம்தான் காரணமா? வேறு காரணம் உண்டாயின் அது யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் கணிப்பில், வசனத்தைப் பற்றிய வாதம் சில மாதங்களில் அடங்கிவிட்டது. சாதாரணத் தாயையும் வலி நிவாரணத்தையும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் பிரித்துவைத்தது மருத்துவத்தின் விலையே. திருச்சபையின் மனச்சான்றை இன்றும் தொட வேண்டியது இவ்விலைதான்.

1. எடின்பரோவில் நிகழ்ந்தது

1846 அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை மருத்துவம் செய்து காட்டினர். செய்தி விரைவில் ஸ்காட்லாந்தை எட்டியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1840 முதல் பேறுகால மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் யங் சிம்சன். ரொட்டி சுடும் தொழில் செய்த ஒருவரின் மகனாக 1811இல் பிறந்தவர். 1847 ஜனவரி 19ஆம் நாள் அவர் ஈதரை முதன்முறையாகப் பிரசவத்தில் பயன்படுத்தினார். அதைவிட எளிதில் பயன்படுத்தத்தக்க மருந்தைத் தேடித் தம் இல்லத்திலேயே நண்பர் இருவருடன் பல திரவங்களை முகர்ந்து பார்த்து, நவம்பர் 4ஆம் நாள் இரவு குளோரோபாரத்தின் ஆற்றலைக் கண்டறிந்தார். நான்கு நாள்களுக்குப் பின் ஒரு மருத்துவரின் மனைவி அம்மருந்தின் உதவியால் வலியுணராது பிள்ளை பெற்றார்.

அவ்வாண்டு டிசம்பரில் சிம்சன் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மயக்க மருந்துக்கு எதிராகச் சமய அடிப்படையில் எழுப்பப்படும் ஆட்சேபணைகளுக்கு மறுமொழி கூறுவதே அதன் பொருள். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளவுண்டபோது சுயாதீனத் திருச்சபையோடு சென்றவர் சிம்சன். திருமறையைப் புறக்கணிப்பவர் ஒருவரின் வாதமாக அந்நூலைக் கருதுவது தவறு. திருமறைக்கு விடையைத் திருமறையிலேயே தேடிய ஒரு விசுவாசியின் நூல் அது.

2. சிம்சனின் விளக்கவுரையும் நம் திருப்புதலும்

சிம்சனின் முதல் வாதம் எபிரெயச் சொல்லைப் பற்றியது. ஆதி. 3:16இல் பெண்ணைக் குறித்து வரும் ‘இட்ஸாவோன்’, ‘எட்செவ்’ என்னும் சொற்கள் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உழைப்பு, பாடு, வருத்தம் என்பன அவ்வேரின் பொருள்கள். பிரசவ வலியை நேரடியாகக் குறிக்கத் தீர்க்கதரிசிகள் ஆளும் சொற்கள் வேறு, ஏசா. 13:8 அதற்குச் சான்று. ஆகவே, வசனம் கூறுவது பிள்ளைப்பேற்றின் உழைப்பையே என்றும், உணர்ச்சி நரம்புகளில் எழும் தாங்கொணா வலியை அன்று என்றும் அவர் வாதிட்டார்.

இரண்டாவது வாதம் இன்னும் வலியது. பெண்ணுக்குக் கூறப்பட்டதை எழுத்தின்படி காக்க வேண்டுமாயின், ஆணுக்குக் கூறப்பட்டதையும் அவ்வாறே காக்க வேண்டும். நிலம் முள்ளையும் குருக்கையும் முளைப்பிக்கும் என்றிருக்க, களை பறிக்கும் உழவன் பாவம் செய்கிறானா? நெற்றி வியர்வையால் உண்ண வேண்டும் என்றிருக்க, ஏரில் எருதைப் பூட்டுவோனும் இயந்திரம் அமைப்போனும் குற்றவாளிகளா? மனிதன் மண்ணுக்குத் திரும்புவான் என்றிருக்க, நோயாளியின் சாவைத் தள்ளிவைக்கும் மருத்துவன் கட்டளையை மீறுகிறானா? இவற்றையெல்லாம் ஏற்றுக்கொண்ட சமுதாயம் பெண்ணின் வலிக்கு மட்டும் வசனத்தை எழுத்தின்படி பிடித்துக்கொள்வது நேர்மையாகாது என்பதே இவ்வாதத்தின் உட்கருத்து. இவற்றோடு, ஆதாமுக்குக் கடவுள் அயர்ந்த நித்திரை வரச்செய்து விலா எலும்பை எடுத்ததையும் (ஆதி. 2:21), நம் துக்கங்களைச் சுமந்த ஊழியரைப் பற்றிய ஏசா. 53:4ஐயும் சிம்சன் சுட்டினார்.

முதல் வாதத்தை இன்று நாம் முழுமையாக ஏற்றல் அரிது. உடலின் பாடும் உள்ளத்தின் நோவும் அவ்வேரில் கலந்தே நிற்கின்றன. எனினும் அவர் காட்டிய திசை தவறன்று. 1978இல் ஃபில்லிஸ் டிரிபிள் இப்பகுதியை ஆராய்ந்து, இத்தீர்ப்புகள் கீழ்ப்படியாமையின் விளைவுகளை விவரிப்பவையேயன்றி வாழ்வுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்குகள் அல்ல என்றார். கரோல் மையர்ஸ் தம் 1988ஆம் ஆண்டு நூலில், ‘இட்ஸாவோன்’ என்பதைப் பண்டை இஸ்ரவேலின் மலைநாட்டு உழவுக் குடும்பத்துப் பெண்ணின் கடும் உழைப்போடு பொருத்தி விளக்கினார். மேலும், ‘சபிக்கப்பட்ட’ என்னும் சொல் இவ்வதிகாரத்தில் பாம்புக்கும் நிலத்துக்குமே வருகின்றது, பெண்ணுக்கு வரவில்லை. பிள்ளைப்பேற்றைச் சாபம் என்று பிரசங்கிப்போர் மூலத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கின்றனர்.

நம் தமிழ்த் திருப்புதலில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. 16ஆம் வசனத்தில் பெண்ணுக்குக் கூறப்பட்ட அதே ‘இட்ஸாவோன்’ 17ஆம் வசனத்தில் ஆணுக்கும் கூறப்படுகின்றது. சிம்சன் கையாண்ட ஆங்கிலத் திருப்புதல் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்லை இட்டது. நம் பழைய திருப்புதலோ பெண்ணுக்கு ‘வேதனை’ என்றும் ஆணுக்கு ‘வருத்தம்’ என்றும் பெயர்த்தது. நோவாவின் பிறப்பைச் சொல்லும் ஆதி. 5:29இல் அதே எபிரெயச் சொல் ‘பிரயாசம்’ ஆகின்றது. இம்மூன்றும் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை. ஆணின் பாடு உழைப்பாகவும் பெண்ணின் பாடு நோவாகவும் நம் செவியில் பதிந்துவிட்டது. ஆணின் பிரயாசத்தினின்று ஆறுதல் வருமென்று நோவாவின் தகப்பன் நம்பியதைத் திருமறை கண்டிக்கவில்லை. அதே பாட்டினின்று பெண் ஆறுதல் தேடுவதை மட்டும் எவ்வாறு கண்டிக்க இயலும்?

3. எதிர்ப்பு எத்துணைப் பெரிது?

சிம்சனின் நூலைப் படிப்போர், குருமார் திரண்டெழுந்து அவரை எதிர்த்தனர் என எண்ணக்கூடும். 1896இல் ஆண்ட்ரூ டிக்சன் வைட் வெளியிட்ட, அறிவியலுக்கும் இறையியலுக்கும் இடையிலான போரைப் பற்றிய நூல் அவ்வெண்ணத்தை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் 1983இல் ஏ. டி. ஃபார் அக்காலத்து ஏடுகளைத் துருவி ஆராய்ந்தபோது, அச்சில் வந்த சமய எதிர்ப்பு மிகச் சொற்பமே எனக் கண்டார். எழக்கூடும் என்று தாம் எண்ணிய ஆட்சேபணைகளுக்கே சிம்சன் முன்கூட்டி விடையிறுத்தார் என்பது அவ்வாய்வின் முடிவு. தனிப்பட்ட முறையில் சிலர் தயங்கியது உண்மை. திருச்சபைகள் தடை விதித்ததாகச் சான்றில்லை.

அக்காலத்து இறையியலாரில் தலைசிறந்தவரும் சுயாதீனத் திருச்சபையின் முதல் தலைவருமான தாமஸ் சால்மர்ஸ், 1847 மே மாதம் தாம் இறக்குமுன், இக்கேள்வியில் இறையியல் சிக்கல் எதையும் தாம் காணவில்லை என்றும், சிறுமதி படைத்த இறையியலார் சிலர் அவ்வாறு பேசினால் பொருட்படுத்த வேண்டாம் என்றும் கூறியதாக அவருடைய நண்பர் ஒருவர் பதிவு செய்துள்ளார்.

இதனோடு சேர்த்துச் சொல்லப்படும் மற்றொரு கதை யூஃபேம் மக்காலியன் என்னும் எடின்பரோப் பெண்மணியைப் பற்றியது. பிரசவ வலிக்கு நிவாரணம் தேடியதற்காக 1591இல் அவர் உயிரோடு எரிக்கப்பட்டார் என்பர். அவர் எரிக்கப்பட்டது உண்மை. அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களில் வலி தணிக்க மந்திரவாதம் நாடியதும் ஒன்று. ஆயினும் அரசருக்கு எதிராகச் சதிசெய்தார் என்பதே அவ்வழக்கின் முதன்மைக் குற்றச்சாட்டு. இப்பெண்மணி அனுபவித்த கொடுமையை நாம் எவ்வகையிலும் சிறிதாக்கவில்லை. ஆனால் வரலாற்றைப் பிரசங்கத்தில் கையாளுவோர் அதனை உள்ளவாறு கையாள வேண்டும்.

எதிர்ப்பு உண்மையில் வலுவாக எழுந்தது மருத்துவர்களிடமிருந்தே. பிலடெல்பியாவின் பேராசிரியர் சார்லஸ் மெய்க்ஸ், பிரசவ வலி இயற்கையானது, நன்மை பயப்பது, பிரசவத்தின் போக்கை மருத்துவன் அறிய உதவுவது என்று வாதிட்டார். குளோரோபாரத்தால் உயிரிழந்தோரும் உண்டு. 1848 ஜனவரியிலேயே முதல் மரணம் நிகழ்ந்துவிட்டது. ஆகவே மருத்துவரின் அச்சம் வெறும் பிடிவாதம் அன்று.

1853 ஏப்ரல் 7ஆம் நாள் விக்டோரியா அரசியார் இளவரசர் லியோபோல்டைப் பெற்றெடுத்தபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ கைக்குட்டையில் சிறிது சிறிதாகக் குளோரோபாரம் இட்டு 53 நிமிடம் முகரச் செய்தார். அவ்வரசியார் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆளுநருமாவார். அதே ஆண்டு அக்டோபரில் கேன்டர்பரிப் பேராயர் ஜான் பேர்ட் சம்னரின் மகளுக்கும் ஸ்நோ அம்மருந்தைக் கொடுத்தார். நிகழ்ந்த இடம் பேராயரின் இல்லமான லாம்பெத் மாளிகை. பேராயர் வீட்டிலேயே நுழைந்துவிட்ட மருந்தை இனி எக்குரு தடுக்க இயலும்? வசனத்தைப் பற்றிய வழக்கு அத்துடன் முடிந்தது.

4. வசனம் விலகிய பின் நின்ற தடை

அரண்மனையும் பேராயர் இல்லமும் பெற்ற ஆறுதல் குடிசைக்கு எப்போது சென்றது? வரலாற்று நூல்கள் பலவும் 1853இல் கதையை முடித்துவிடுகின்றன. நம் கேள்வி இங்கேதான் தொடங்குகின்றது.

அக்காலத்தில் செல்வர் வீட்டுப் பெண்கள் தம் இல்லத்திலேயே, கட்டணம் பெற்று வரும் மருத்துவரின் கண்காணிப்பில் பிள்ளை பெற்றனர். உழைக்கும் மக்களின் பெண்கள் அண்டை அயலாரையோ மருத்துவச்சியையோ நம்பினர். அவ்விரண்டும் இல்லாத வறியோர் இலவசப் பிரசவ விடுதிகளை நாடினர். அவ்விடுதிகளின் நிலை யாது? சிம்சன் குளோரோபாரம் கண்ட அதே 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் ஓர் உண்மையைக் கண்டார். அங்குள்ள பெரிய பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதற் பிரிவில் 1846இல் நூற்றுக்கு 11.4 தாய்மார் பிரசவ ஜுரத்தால் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 2.8 பேர். பிணப் பரிசோதனை செய்த கைகளோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என உணர்ந்து, 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். 1848இல் முதற் பிரிவின் மரணம் நூற்றுக்கு 1.27 ஆகக் குறைந்தது.

அத்தாய்மார் அங்கு வந்தது ஏன்? அவர்களிடம் பணமில்லை. இலவசமாகப் பராமரிக்கப்பட்டதற்கு ஈடாக அவர்கள் தம் உடலை மாணவரின் கல்விக்கு அளித்தனர். வீட்டில் பிள்ளை பெற்ற செல்வப் பெண்ணைத் தீண்டாத சாவு அவர்களைத் தீண்டிற்று. ஏழைக்கு இலவசம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதற்கு ஏழை என்ன விலை கொடுத்தாள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் 1902ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவச்சிகளைப் பயிற்சி பெற்றவராக்கி ஒழுங்குபடுத்தியது. ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை, அதற்கு மருத்துவரை அழைக்க வேண்டும், அழைத்தால் கட்டணம். ஆகவே மருத்துவச்சியிடம் பிள்ளை பெற்ற பெருந்திரளான தாய்மார் சிம்சனுக்கு முந்திய தலைமுறையினர் பட்ட வலியையே பட்டனர். 1928இல் இங்கிலாந்தில் தோன்றிய தேசியப் பிறந்தநாள் அறக்கட்டளை இந்நிலையை மாற்ற முனைந்தது. பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினின் மனைவி லூசி பால்ட்வின் அம்மையார் வலி நிவாரணத்துக்கென நிதி திரட்டினார். லிவர்பூலைச் சேர்ந்த ராபர்ட் மின்னிட் 1933இல் வாயுவும் காற்றும் கலந்து தாயே முகரத்தக்க எளிய கருவி ஒன்றை அமைத்தார். 1936இல், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் அக்கருவியைப் பயன்படுத்த அனுமதி கிடைத்தது. 1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தபின்னரே கட்டணத் தடை அந்நாட்டில் நீங்கிற்று.

1847க்கும் 1936க்கும் இடையே 89 ஆண்டுகள். அவற்றுள் ஆதி. 3:16 தடையாயிருந்தது சில மாதங்கள். மிகுதியான காலமெல்லாம் தடையாயிருந்தது பணம். வசனத்துக்கு விடை எழுத ஒரு சிம்சன் வந்தார். விலைக்கு விடை எழுத ஏன் எவரும் முன்வரவில்லை என்று எந்த இறையியல் நூலும் அக்காலத்தில் கேட்டதாகத் தெரியவில்லை.

5. விலையின் மறுமுகம்

பணம் எப்போதும் பாதுகாப்பைக் கொணர்ந்தது என்றும் கூறிவிட முடியாது. இங்கிலாந்தில் 1930 முதல் 1932 வரையிலான கணக்குகளை ஆராய்ந்தோர் வியப்பானதொன்றைக் கண்டனர். மற்ற நோய்களில் ஏழைகளே மிகுதியாக மாண்டிருக்க, பிரசவ மரணம் மட்டும் உயர்வகுப்புத் தாய்மாரிடையே சற்று மிகுந்திருந்தது. கட்டணம் பெற்ற மருத்துவர் பொறுமையின்றி ஆயுதம் போட்டதும், தேவையற்ற தலையீடுகளும், அவற்றால் வந்த தொற்றும் இதற்குக் காரணங்கள் என்று மருத்துவ வரலாற்றாளர் கருதுகின்றனர். காத்திருப்பதே தொழிலாகக் கொண்ட மருத்துவச்சியிடம் ஏழைத்தாய் சில வேளைகளில் அதிகப் பாதுகாப்போடு இருந்தாள். 1936க்குப் பின் சல்பா மருந்துகள் வந்து பிரசவ ஜுரத்தை அடக்கியபோதுதான் எல்லா வகுப்பாரின் மரணமும் விரைந்து குறைந்தது.

எனவே விலை இருவகையில் தீங்கிழைத்தது. கொடுக்க இயலாதவளுக்குத் தேவையானதை மறுத்தது. கொடுக்க இயன்றவள்மீது தேவையற்றதைச் சுமத்தியது.

6. தமிழ் நிலத்தில்

இவ்வரலாற்றுக்கும் நமக்கும் தொடர்புண்டு. 1847ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் தமிழ் இளைஞருக்கு மேலை மருத்துவம் கற்பித்த அவர், மான்செல் என்பவரின் பேறுகால மருத்துவ நூலைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். தாய்மாரைக் காக்கும் அறிவு ஆங்கிலம் கற்ற சிலரின் உடைமையாக நின்றுவிடலாகாது என்ற உறுதியின் கனி அந்நூல்.

சென்னையில் அரசின் பிரசவ மருத்துவமனை 1844இல் தோன்றியது. ஆயினும் ஆண் மருத்துவரிடம் செல்ல விரும்பாத குடும்பத்துப் பெண்களுக்கு அது எட்டாததாகவே இருந்தது. மேரி ஷார்லீப் அம்மையார் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்று, 1885இல் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தோன்றக் காரணமானார். சிம்சன் சார்ந்திருந்த அதே சுயாதீனத் திருச்சபை 1888இல் மருத்துவர் மட்டில்டா மக்ஃபெயிலைச் சென்னைக்கு அனுப்பியது. அவருடைய பணியே இராயபுரத்து ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. 1890ஆம் ஆண்டளவில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் உதவியின்றி மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர், மருத்துவம் பயின்று திரும்பி 1902இல் வேலூரில் பெண்கள் மருத்துவமனையையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவியதை நம் வாசகர் அறிவர். இங்கு நின்ற தடை வசனமும் அன்று, பெரும்பாலும் பணமும் அன்று, வழக்கமே. அதனைத் தகர்க்கப் பெண் மருத்துவர் தேவைப்பட்டனர்.

இம்மருத்துவமனைகள் விலையையும் மறந்துவிடவில்லை. இயன்றவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு இயலாதவரைப் பேணுவது மிஷன் மருத்துவமனைகளின் எழுதாச் சட்டமாக விளங்கிற்று. தனியறையில் தங்கிய செல்வரின் பணம் பொதுப்பிரிவில் கிடந்த கூலிப் பெண்ணுக்கு மருந்தாயிற்று. கட்டணம் வாங்குவது பாவமன்று. வாங்கிய கட்டணம் எங்கே செல்கிறது என்பதே கேள்வி என்பதை அவர்கள் நடைமுறையில் காட்டினர்.

இன்றைய நிலை வேறு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. ஐடா ஸ்கடர் கனவிலும் காணாத வெற்றி இது. ஆனால் அதே கணக்கெடுப்பில், தனியார் மருத்துவமனைகளில் நிகழும் பிரசவங்களுள் நூற்றுக்கு 63.8 சிசேரியன் அறுவையால் நிகழ்கின்றன. அரசு மருத்துவமனைகளில் 36. உலக சுகாதார நிறுவனம் 1985இல் எந்த நிலப்பகுதிக்கும் 10 முதல் 15க்கு மேல் நியாயமில்லை எனக் கூறியிருந்தது. சிசேரியன் எண்ணற்ற தாய்சேயரின் உயிரைக் காக்கும் அறுவை. அதனை இகழ்வது அறிவீனம். ஆயினும் ஒரே மாநிலத்துப் பெண்களின் உடல், கட்டணம் வாங்கும் வாயிலில் நுழைந்தவுடன் இத்துணை மாறிவிடுமோ? தாய்மாரின் உடல்நிலை மட்டும் இவ்வேறுபாட்டை விளக்கப் போதாது. அச்சம், நல்லநேரம் பார்த்தல், வழக்குப் பயம், மருத்துவரின் நேரமின்மை, வருவாய் ஆகியவையும் இதில் கலந்துள்ளன. 1930களில் இங்கிலாந்து கண்ட மறுமுகத்தை நாம் இப்போது காண்கின்றோம்.

7. ஊழியருக்கு மூன்று கருத்துகள்

முதலாவது, நம் போதனையைப் பற்றியது. 1662ஆம் ஆண்டின் ஜெபப் புத்தகத்தில் பிள்ளை பெற்ற பெண் நன்றி செலுத்தும் முறைமை ஒன்றுண்டு. பேறுகாலத்தின் வலியினின்றும் ஆபத்தினின்றும் கடவுள் விடுவித்தார் என்றே அங்குத் திருச்சபை துதிக்கின்றது. விடுவிப்பைத் துதிக்கும் வாயால், விடுவிக்கும் மருந்தை ஐயுறுவது பொருந்தாது. அறுவையின்றி வலிதாங்கிப் பெற்றவளே உண்மைத் தாய் என்றும், மற்றவள் குறைந்தவள் என்றும் நம் சபைகளில் எழும் பேச்சு ஆதி. 3:16ஐத் தவறாகப் படித்ததன் எச்சம். அதனை ஆயர்கள் கண்டிக்க வேண்டும்.

இரண்டாவது, நம் மேய்ப்புப் பணியைப் பற்றியது. பிரசவச் செலவுக்காக நகையை அடகுவைத்த குடும்பம் நம் ஒவ்வொரு சபையிலும் உண்டு. குழந்தையின் திருமுழுக்குக்கு நாள் குறிக்கும் ஆயர், அக்கடனைப் பற்றியும் விசாரிப்பது ஊழியத்தின் பகுதியே. அரசு மருத்துவமனையில் கிடைக்கும் உதவிகளையும், அங்குப் பிள்ளை பெறுவது இழிவன்று என்பதையும் சபைகளில் எடுத்துரைக்கலாம். அறுவை வேண்டும் என்று சொல்லப்படும்போது காரணத்தைக் கேட்டறியும் உரிமை தாய்க்கு உண்டு என்பதையும் கற்பிக்கலாம்.

மூன்றாவது, நம் நிறுவனங்களைப் பற்றியது. திருச்சபையின் பெயரைத் தாங்கிய பேறுகால மருத்துவமனை எதுவாயினும், தன் கணக்கேட்டைத் திறந்து இரண்டு வினாக்களுக்கு விடை தேட வேண்டும். பணமில்லாமையால் இங்கு எந்தத் தாய்க்கேனும் தேவையானது மறுக்கப்பட்டதா? பணமிருந்தமையால் எந்தத் தாய்மீதேனும் தேவையற்றது சுமத்தப்பட்டதா? கட்டணத்தை மறுக்கும்படி நாம் கூறவில்லை. தனியறையின் பணம் பொதுப்பிரிவுக்குச் செல்லும் பழைய வழி இன்னும் திறந்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

எகிப்தில் சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் கடவுளுக்குப் பயந்ததாக யாத்திராகமம் முதல் அதிகாரம் கூறுகின்றது. பார்வோனின் பெயரைக் கூறாது விட்ட அவ்வதிகாரம் அவ்விருவரின் பெயரையும் காத்துவைத்திருக்கின்றது. பிள்ளைப்பேற்றின் வேளையில் இரு உயிர்களைக் காத்தவர்களைத் திருமறை எவ்வாறு மதிக்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.